தான்சானியக் கிராமங்களுக்கு இங்கிருந்து வரைபடம் வரைவது: உருப்படியான வேலையா, பொழுதுபோக்கா?

வைகைக்கரை

எங்கள் அலுவலகத்தில் சமூகப் பொறுப்பு வாரம் என்று ஒன்று வருடா வருடம் உண்டு. இந்த முறை மரம் நடுவதற்குப் பதிலாக எல்லோரையும் ஒரு அறையில் உட்கார வைத்து, யார் வேண்டுமானாலும் வரையக்கூடிய இலவச இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்குத் தொடங்கச் சொல்லி, தான்சானியாவில் மாரா என்ற பகுதியின் செயற்கைக்கோள் படத்தைக் காட்டி, அதில் தெரியும் கூரைகளை வரையச் சொன்னார்கள். பெண் குழந்தைகளைக் காப்பாற்ற இது உதவும் என்றார்கள், எப்படி என்று யாரும் விளக்கவில்லை, பீட்சா வந்ததும் கூட்டம் கலைந்துவிட்டது. எனக்கு வேலை பிடித்துப்போய் வீட்டிலும் தொடர்கிறேன். ஆனால் மதுரையில் உட்கார்ந்து நான் போடும் நாலு கோட்டால் அங்கே ஒரு சிறுமிக்கு என்ன ஆகப்போகிறது என்பது மட்டும் புரியவில்லை. இங்கே பல வருடமாக வரைகிறவர்கள் இருக்கிறீர்கள், பூசி மெழுகாமல் சொல்லுங்கள்.

சந்தேகப்பிராணி

ஒன்றும் ஆகாது. நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் உங்கள் குழுப் படம் வரும், அது ஆகும்.

பிளேபம்ப் என்று ஒன்று இருந்தது தெரியுமா? குழந்தைகள் ராட்டினத்தில் ஏறிச் சுற்றினால் நிலத்தடி நீர் தொட்டிக்கு ஏறும் என்ற யோசனை. படத்தில் பார்க்க அவ்வளவு அழகு. 2006ல் அமெரிக்காவில் 1.64 கோடி டாலர் அறிவித்தார்கள், 2010க்குள் 4,000 பம்ப் என்று இலக்கும் வைத்தார்கள். சொன்ன அளவுக்குத் தண்ணீர் வர வேண்டுமானால் குழந்தைகள் ஒரு நாளைக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று கார்டியன் பத்திரிகை கணக்குப் போட்டுக் காட்டியது! பல இடங்களில் ஏற்கெனவே இருந்த கைப்பம்பைக் கழற்றிவிட்டு இதை வைத்திருந்தார்கள், கடைசியில் பெண்கள்தான் அந்தச் சக்கரத்தைக் கையால் தள்ளிக்கொண்டிருந்தார்கள். 2010ல் இன்னொரு அமெரிக்கர் பத்து லட்சம் பழைய டிஷர்ட்டை ஆப்பிரிக்காவுக்கு அனுப்புகிறேன் என்று கிளம்பினார். உங்களிடம் யார் கேட்டது என்று ஆப்பிரிக்க வலைப்பதிவர்கள் திருப்பிக் கேட்டதும் அடங்கிப்போனார். கூரை வரைவதும் அந்த வரிசையில் ஒன்றுதான் என்பது என் எண்ணம். டிஷர்ட்டுக்குக் கப்பல் செலவாவது ஆகும், இதற்கு அதுவும் இல்லை.

கூரைமேல்பூனை

சந்தேகப்பிராணி, பிளேபம்ப் கதை சரி. யாரும் கேட்காத பொருளை ஊருக்குள் கொண்டு இறக்கினார்கள். அதனால் இங்கே வரைபடத்தைக் கேட்டது யார் என்பதிலிருந்தே தொடங்குகிறேன், கொஞ்சம் நீளும்.

மாரா பகுதியில் செரெங்கேட்டி மாவட்டம், அதன் தலைமையிடம் முகுமு. அந்த வட்டாரத்தில் குரியா உள்ளிட்ட சில சமூகங்களில் பெண்ணுறுப்புச் சிதைப்பு இன்னும் நடக்கிறது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்ணுக்கு அதைச் செய்வது 1998லிருந்தே தான்சானியாவில் குற்றம். சட்டம் இருந்தும் டிசம்பர் பள்ளி விடுமுறை வந்தால் வேலை தொடங்கிவிடும். ரோபி சாம்வெல்லி என்பவர் சிறுமியாக இருந்தபோது தனக்கே அது நடந்து, இரத்தப்போக்கில் சாகக் கிடந்து மீண்டவர். வீட்டை விட்டு ஓடி வரும் சிறுமிகளுக்கு முகுமுவில் ஒரு பாதுகாப்பு இல்லத்தை அவர் முன்னின்று நடத்தினார், பிறகு புட்டியாமாவிலும் ஒன்று வந்தது. சில பெண்கள் இரவோடு இரவாக நடந்தே வந்துவிடுவார்கள். வர முடியாதவர்களைப் பற்றி யாராவது தகவல் அனுப்புவார்கள், இன்ன ஊர், குன்றுக்குப் பின்னால் உள்ள வீடு, நாளைக் காலை என்று. போலீஸும் இல்லத்து ஆட்களும் கிளம்பத் தயார், ஆனால் அந்த ஊர் எந்த வரைபடத்திலும் கிடையாது. அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் ஒரு முக்கியச் சாலை, ஓரிரண்டு ஊர்ப் பெயர், மற்றதெல்லாம் வெற்றிடம்.

தான்சானியா டெவலப்மென்ட் டிரஸ்ட் என்ற பிரிட்டன் அமைப்பைச் சேர்ந்தவர்கள் 2015ல் கிரவுட்டுமேப் தான்சானியா என்று இதைத் தொடங்கினார்கள். பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் சாலையும் கூரையும் வரைந்தார்கள், அப்புறம்தான் முக்கியமான பாதி. உள்ளூர்க்காரர்களுக்குப் போனில் மேப்ஸ்.மீ செயலியைப் பழக்கி, ஊர்ப் பெயர், பள்ளி, மருந்தகம், கடை, தேவாலயம் என்று அவர்களையே சேர்க்க வைத்தார்கள். வரைபடத்தை ஒருமுறை இறக்கிக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் வழி பார்க்கலாம். பின்னால் கிராமத்துக்கு ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து, ஸ்மார்ட்போன் கொடுத்து, ஆபத்தில் இருக்கும் சிறுமியைப் பற்றியோ வீட்டில் நடக்கும் வன்முறையைப் பற்றியோ ஓடிகே என்ற போன் படிவத்தில் தகவல் அனுப்பும் ஏற்பாடும் வந்தது. அந்த விடுமுறைச் சீசன் முடிந்த பிறகு பெற்றோரை அழைத்துப் பேசி, செய்ய மாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொண்டு பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவதும், அனுப்ப முடியாதவர்களை இல்லத்திலேயே வைத்துப் படிக்க வைப்பதும் அவர்கள் வேலை. அதில் நமக்குப் பங்கே இல்லை.

வைகைக்கரை, நீங்கள் வரைந்த கூரைக் கூட்டம் இந்த இடத்தில் ஒரு குடியிருப்பு இருக்கிறது என்று மட்டும் சொல்லும். அதன் பெயர் என்ன, மழைக்காலத்தில் எந்தப் பாதை மூழ்கும் என்பதெல்லாம் அங்கே இருப்பவர் சொன்னால்தான் உண்டு. பெயர் ஏறாத கூரைகளால் வண்டி ஓட்டுகிறவருக்குப் பயன் குறைவு.

ஏரிக்காரன்

நான் ம்வான்சாவில் பருத்தி ஆலை ஒன்றில் வேலை பார்க்கிறேன், விக்டோரியா ஏரிக்கரை. மாரா எங்களுக்குப் பக்கத்துப் பகுதி. கொள்முதல் சமயத்தில் கூட்டுறவுச் சங்கங்களைப் பார்க்க ஊர் ஊராகப் போக வேண்டியிருக்கும், அதனால் இந்த இழையைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

வரைபடம் ஏன் இல்லை என்பதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. பழைய அரசு வரைபடங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் 1970களில் அப்போதைய அதிபர் ஜூலியஸ் நியெரேரேயின் அரசு உஜமா என்ற கூட்டுவாழ்வுக் கொள்கையில் சிதறி வாழ்ந்த மக்களைச் சேர்த்து ஊர்களாக அமைத்தது, முதலில் சொல்லிப் பார்த்தார்கள், 1973க்குப் பிறகு கட்டாயப்படுத்தியே நகர்த்தினார்கள். லட்சக்கணக்கான குடும்பங்கள் இடம் மாறின. அதற்கு முந்தைய வரைபடத்தில் இருக்கும் ஊர் இப்போது அங்கே இருக்காது, இருக்கும் ஊர் வரைபடத்தில் இருக்காது. (அந்தப் புட்டியாமாதான் நியெரேரே பிறந்த ஊர்.) நாட்டில் 12,000க்கு மேல் கிராமங்கள், ஒவ்வொரு கிராமத்துக்குள்ளும் கிதோங்கோஜி என்று பல சிறு குடியிருப்புகள். போனில் ஒருவர் ஊர்ப் பெயர் சொன்னால் அது கிராமத்தின் பெயரா, கிதோங்கோஜியின் பெயரா என்பதே குழப்பம், ஒரே பெயரில் நாலு இடம் வேறு இருக்கும்.

சரி, பகலில் போனால் பிரச்சினை இல்லை. போடாபோடா (வாடகை மோட்டார் பைக்) ஓட்டும் பையனைக் கேட்டால் போதும், எந்தச் செயலியும் வேண்டாம். இரவில், பத்துப் பேரிடம் வழி விசாரித்தால் நாம் வருவது நமக்கு முன்னால் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்கிற மாதிரி வேலைக்குத்தான் வரைபடம் கட்டாயம். பூனை சொன்ன வேலை அந்த மாதிரி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வழி தெரிந்துவிட்டதாலேயே வண்டி கிளம்பிவிடாது. டீசல் வேண்டும், மார்ச்சிலிருந்து மே வரை மசிகா மழை அடித்தால் கருமண் பாதையில் நாலு சக்கர ஓட்டம் உள்ள வண்டியே திணறும். வரைபடக்காரர்கள் பேசும்போது இதையெல்லாம் மறந்துவிடுகிறார்கள்.

சந்தேகப்பிராணி

ஏரிக்காரன் சொன்ன கடைசிப் பத்தியைத்தான் நானும் சொல்கிறேன். டீசலுக்குப் பணம் கொடுத்துவிட்டுப் போகலாமே? எதற்கு இந்த உலகளாவிய தன்னார்வக் கூத்து?

மலைக்கோட்டை மலர்

டீசலுக்குப் பணம் கொடுப்பதும் அவ்வளவு நேரான வேலை இல்லை சார். கீவா என்ற தளம் 2005ல் தொடங்கியது, உகாண்டாவில் ஆடு வளர்ப்பவர், மீன் விற்பவர் என்று படம் போட்டு, பிடித்தவரைத் தேர்ந்தெடுத்து 25 டாலர் கடன் கொடுக்கலாம் என்றார்கள். நீங்கள் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே அந்த ஆளுக்கு உள்ளூர் நிறுவனம் கடனைக் கொடுத்து முடித்திருக்கும், உங்கள் பணம் அந்த நிறுவனத்துக்குத்தான் போகிறது என்று டேவிட் ரூட்மன் என்ற ஆய்வாளர் 2009ல் எழுதினார். கீவாவும் தளத்தில் விளக்கத்தை மாற்றிக்கொண்டது. மோசடி என்று நான் சொல்லவில்லை, கடன் உண்மையிலேயே போய்ச் சேர்ந்தது. நேருக்கு நேர் உறவு என்று காட்டியதுதான் ஜோடனை. வரைபடத்தில் அந்த ஜோடனையாவது குறைவு, நீங்கள் போட்ட கோடு உங்கள் பெயரில் எல்லோரும் பார்க்கிற மாதிரி அங்கேயே இருக்கும், தப்பாக இருந்தால் அதுவும் தெரியும்.

அச்சரப்பாக்கம் அன்பு

ஒரு அடிப்படைச் சந்தேகம். கூகுள் மேப்ஸிலேயே சேர்த்தால் என்ன? எல்லோர் போனிலும் அதுதானே இருக்கிறது?

கூரைமேல்பூனை

கூகுளில் நீங்கள் சேர்ப்பது கூகுளுடையது. மேப் மேக்கர் என்று ஒரு கருவி வைத்து உலகம் முழுக்க ஆட்களை வரைய வைத்தார்கள், 2017ல் மூடிவிட்டார்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் முழுத் தரவையும் யாரும் இறக்கிக்கொள்ளலாம், அச்சிடலாம், தங்கள் செயலிக்குள் போடலாம், இணையம் இல்லாத போனில் ஏற்றலாம். மேப்ஸ்.மீ கைமாறிய பிறகு பலர் ஆர்கானிக் மேப்ஸ் செயலிக்கு மாறியபோது தரவை மறுபடி வரைய வேண்டியிருக்கவில்லை, அடியில் இருந்தது அதே தரவு.

கருவேலங்காடு

நானும் ஒரு உதாரணம் சேர்க்கிறேன், இது தான்சானியா இல்லை, கினி. 2014 மார்ச்சில் எபோலா அறிவிக்கப்பட்டபோது மையம் கெக்கேடு என்ற ஊர். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அங்கே போய் இறங்கியது, கையில் உருப்படியான வரைபடம் இல்லை. எபோலாவில் நோயாளி யார் யாரைச் சந்தித்தார் என்று தேடிப் போய்ப் பார்ப்பதுதான் பாதி மருத்துவம். நோயாளி ஒரு ஊர்ப் பெயர் சொல்லுவார், அது எங்கே இருக்கிறது என்று மருத்துவருக்குத் தெரியாது. ஹாட் என்ற மனிதநேய வரைபடக் குழுவிடம் கேட்டார்கள் (2010 ஹைட்டி பூகம்பத்தில் உருவான கூட்டம் இது), சில நாட்களுக்குள் தன்னார்வலர்கள் தெருவும் வீடுமாக வரைந்து கொடுத்துவிட்டார்கள். அந்த வருடக் கடைசியில் பிரிட்டன், அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கங்கள், எல்லைகளற்ற மருத்துவர்கள், ஹாட் நாலும் சேர்ந்து மிஸ்ஸிங் மேப்ஸ் தொடங்கின. பேரிடர் வந்தபிறகு ஓடாமல் முன்னாலேயே வரைந்து வைப்போம் என்று. பின்னால் போட்ஸ்வானா, சாம்பியா, ஜிம்பாப்வே பக்கம் மலேரியா ஒழிப்புக்கு வீடுகளை வரைந்ததும் இந்த வழியில்தான். சுவருக்கு மருந்து அடிக்க எத்தனை வீடு, எவ்வளவு மருந்து, எத்தனை ஆள் என்று கணக்குப் போட வேண்டுமே. அந்த வேலைக்குப் பெயர் இல்லாத கூரையே போதும். பூனை சொன்னது எல்லா இடத்துக்கும் பொருந்தாது.

கூரைமேல்பூனை

ஒப்புக்கொள்கிறேன், எண்ணிக்கை வேலைக்குக் கூரை போதும்.

அச்சரப்பாக்கம் அன்பு

எண்ணிக்கைதான் என்றால் இயந்திரம் செய்யாதா? செயற்கை நுண்ணறிவு காலத்தில் மனிதர் உட்கார்ந்து கூரை வரைவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

கருவேலங்காடு

செய்கிறது. கூகுள் 2021ல் ஓப்பன் பில்டிங்ஸ் வெளியிட்டது, கானாவின் அக்ராவில் இருக்கும் அவர்கள் ஆய்வகம் முன்னின்று செய்தது, ஆப்பிரிக்காவில் மட்டும் 50 கோடிக்கு மேல் கட்டடம். மைக்ரோசாஃப்டும் வெளியிட்டிருக்கிறது. தகரக் கூரை என்றால் இயந்திரம் நன்றாகப் பிடிக்கும். புல் வேய்ந்த வட்டக் குடிசை, அதே நிறத்து மண் என்றால் தடுமாறும், பாறையை வீடு என்று சொல்லும். இன்னும் ஐந்து வருடத்தில் கூரை வரைய மனிதரே தேவைப்படாமல் போகலாம், போகட்டும். இந்தப் பம்ப் போன மாதம் உடைந்தது, அந்தப் பாலத்தை வெள்ளம் கொண்டுபோனது என்பதைப் படத்தைப் பார்த்து எந்த இயந்திரமும் சொல்லாது.

மலைக்கோட்டை மலர்

எனக்கு உறுத்துவது வேறு. இங்கிருந்து வரைவதற்கு நமக்குச் செலவே இல்லை, மாலையில் சீரியல் பார்க்கும் நேரம் போகும், அவ்வளவுதான். அங்கே களத்தில் நடப்பவருக்குத்தான் செலவு: போன், டேட்டா, பஸ் காசு, ஒரு நாள் கூலி. ஆனால் இருவரையும் 'தன்னார்வலர்' என்ற ஒரே கூடையில் போடுகிறார்கள். லண்டனில் ஒருங்கிணைப்பாளருக்குச் சம்பளம், முகுமுவில் வெயிலில் நடக்கும் பெண்ணுக்கு டிஷர்ட்டும் சான்றிதழும் என்றால் அது எந்த ஊர் நியாயம்? ஆப்பிரிக்காவின் வரைபடக் குழுக்களுக்குள்ளேயே இந்தச் சண்டை ரொம்ப நாளாக ஓடுகிறது. யூத்மேப்பர்ஸ் என்று 2015ல் தொடங்கிய கல்லூரி மாணவர் அமைப்பு இருக்கிறது, ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களில் நிறையக் கிளைகள், அதற்கு அமெரிக்க அரசின் யுஎஸ்எய்ட் பெரிய ஆதரவு. 2025ல் யுஎஸ்எய்டையே கலைத்துவிட்டார்கள். இந்த மாதிரிக் காசு நின்றால் முதலில் அடிபடுவது களத்துக்குப் போகும் பஸ் காசுதான். நாம் வழக்கம்போலக் கூரை வரைந்துகொண்டிருப்போம், நமக்கு எதுவும் தெரியக்கூட தெரியாது.

சந்தேகப்பிராணி

மலர் அம்மா சொல்வதற்குத் தலை வணங்குகிறேன். இந்த இழையில் முதல் முறையாகக் காசைப் பற்றி ஒருவர் பேசியிருக்கிறார்.

இன்னொரு கேள்வி. சிறுமிகள் ஒளிந்திருக்கும் இல்லம் எங்கே என்று உலகமே பார்க்கும் வரைபடத்தில் போடுவீர்களா? துரத்தி வரும் அப்பனுக்கும் போன் உண்டு.

கூரைமேல்பூனை

போடக் கூடாது. கட்டடத்தைக் கட்டடமாக மட்டும் வரைவோம், என்ன கட்டடம் என்று எழுத மாட்டோம். ஒரு வீட்டில் யார் இருக்கிறார், எந்தச் சிறுமிக்கு ஆபத்து என்ற தகவல் எதுவும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வராது, அது தனிப் படிவம், தனிச் சேமிப்பு. சாலை, ஊர்ப் பெயர், பள்ளி, மருந்தகம் பொது. மனிதர் பற்றிய எதுவும் பொது இல்லை. ஆனால் ஆர்வக்கோளாறில் தேடிப் பிடித்துப் பெயர் போடும் ஆள் எப்போது வேண்டுமானாலும் வரலாம், அதை எடுக்க ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

ஏரிக்காரன்

களத்தில் தகவல் எடுப்பது பற்றியும் ஒரு வார்த்தை, இங்கே யாராவது திடீரென்று ஆர்வம் வந்து திட்டம் போடுவீர்கள். இங்கே எந்தக் கிராமத்துக்குப் போனாலும் முதல் வேலை ம்தெந்தாஜியைப் பார்ப்பது, நம்மூர் ஊராட்சிச் செயலர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். விருந்தினர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வந்த காரியத்தைச் சொல்ல வேண்டும். அதைத் தாண்டிப் போனைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் படம் எடுத்தால் நிலம் அளக்க வந்தவன் என்றுதான் நினைப்பார்கள், நினைப்பதற்குக் காரணமும் இருக்கிறது, செரெங்கேட்டி தேசியப் பூங்கா எல்லையை ஒட்டிய ஊர்களில் நிலம் என்றால் கொதிக்கும். ம்தெந்தாஜி சம்மதித்துவிட்டால் அவரே கிதோங்கோஜித் தலைவர்களைக் கூப்பிட்டு உட்கார வைப்பார், ஒரு மதியத்தில் அத்தனை பெயரும் வந்துவிடும். யாரும் நடக்கவே வேண்டாம்.

வைகைக்கரை

இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. மூன்று விஷயம் கேட்கிறேன். எந்தத் திட்டத்தை எடுப்பது என்று எப்படி முடிவு செய்வது? நான் வரைந்து முடித்த வரைபடக் கட்டங்களில் சிலதைச் சரிபார்ப்பவர் திருப்பி அனுப்பிவிட்டார், என்ன பார்க்கிறார்கள்? அலுவலகத்தில் பேசிக் கொஞ்சம் பணம் வாங்கலாம் போலிருக்கிறது, போன் வாங்கி அனுப்பலாமா?

கூரைமேல்பூனை

முதல் இரண்டுக்கு நான். டாஸ்கிங் மேனேஜரில் (வரைய வேண்டிய இடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கொடுக்கும் தளம்) திட்டத்தைத் திறந்ததும் விளக்கத்தைப் படியுங்கள். யார் கேட்டார்கள், எதற்கு, அங்கே எந்த அமைப்பு பயன்படுத்தப்போகிறது என்று எழுதியிருக்க வேண்டும். 'வளர்ச்சிக்கு உதவும்' என்று மொட்டையாக இருந்தால் விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள். பாதியில் நிற்கும் திட்டம் கிடைத்தால் புதிதாகத் தொடங்கியதை விட அதை எடுப்பது நல்லது.

சரிபார்க்கும்போது நான் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் இவற்றுக்குத்தான். கூரையோடு நிழலையும் சேர்த்து வரைவார்கள். வட்டக் குடிசையைச் சதுரமாகப் போடுவார்கள் (வரைந்துவிட்டு ஓ விசையை அழுத்தினால் வட்டம், க்யூ விசையை அழுத்தினால் சதுரம், இதைக் கற்றுக்கொண்டாலே பாதிப் புகார் போய்விடும்). முள்வேலி போட்ட மாட்டுப் பட்டியை வீடு என்பார்கள். அப்புறம் படம் நகர்ந்திருப்பது, ஏற்கெனவே இருக்கும் கோடுகள் எல்லாம் ஒரே பக்கமாக விலகித் தெரிந்தால் தப்பு அந்தக் கோட்டில் இல்லை, உங்கள் படத்தில், அதைச் சரிசெய்யாமல் வரைந்தால் ஒவ்வொரு வீடும் இரண்டு முறை வந்துவிடும். கட்டத்தில் வீடே இல்லையா, இல்லை என்று குறித்துவிட்டு மூடுங்கள், அதுவும் வேலைதான்.

அச்சரப்பாக்கம் அன்பு

என்னிடம் மடிக்கணினி இல்லை, போன் மட்டும்தான். வழி உண்டா?

கருவேலங்காடு

மேப்ஸ்வைப் செயலி. படத் துண்டுகள் வரும், கட்டடம் தெரிந்தால் தொடுங்கள், இல்லையென்றால் தள்ளுங்கள். வெறும் காட்டைப் பார்த்து மற்றவர்கள் நேரத்தை வீணாக்காமல் இருக்க அது உதவும். பஸ்ஸில் போகும்போது செய்யலாம்.

ஏரிக்காரன்

வைகைக்கரை, போன் வாங்கி அனுப்பாதீர்கள். சுங்க வரி, தாமதம், வந்து சேரும்போது சார்ஜர் இருக்காது. பணமாகக் கொடுங்கள், அதையும் அந்தக் குழுவிடம் என்ன தேவை என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். போன் வேண்டாம், ஆறு மாதத்துக்கு டேட்டாவும் பயணப்படியும் போதும் என்று சொன்னால் ஆச்சரியப்பட மாட்டேன். போன் என்றாலும் இங்கேயே கடையில் வாங்கினால் பழுது பார்க்க ஆள் இருக்கும். களப்பயணத்துக்குத்தான் கொடுக்கிறீர்கள் என்றால் ஜூனுக்கு மேல் வைக்கச் சொல்லுங்கள், அதற்கு முன் வண்டியைச் சேற்றிலிருந்து தள்ளவே பாதிப் பணம் போய்விடும்.

சந்தேகப்பிராணி

பணம் வாங்கினால் ஆண்டறிக்கைப் படத்தில் ம்தெந்தாஜியையும் நிற்க வைத்துவிடாதீர்கள்.